உயிரோடு திரும்பியவளுக்குக் கல் இல்லை

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் கல்லூரி முதல்வருக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில், ‘கடும் காய்ச்சல் காரணமாக’ என்று எழுதினேன். மூன்று நாள் கேட்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. 18 வாரக் கருவுக்குத் துடிப்பு நின்றுபோயிருந்தது. மாத்திரை வைத்து வலியை வரவழைத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் வலித்து அது வெளியே வந்தது. தமிழில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்போதுதான் சமர்ப்பித்திருந்தேன். ஆனாலும் அந்தக் கடிதத்தில் எழுத எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. நிறைய நாள் வராவிட்டால் அடுத்த ஆண்டு அழைப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. இவை காரணங்கள்தாம். ஆனால் உண்மையான காரணம் கூச்சம். ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில் அந்தக் கடிதம் மேசை மேசையாகப் போவதை நினைத்துப் பார்த்தேன். காய்ச்சல் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த கட்டில் பிரசவ வார்டில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் பிறந்து ஒரு நாளான ஆண் குழந்தை. அதைப் பார்க்க வந்த ஓர் அம்மா எனக்கும் சேர்த்து இனிப்பு நீட்டி, “உனக்கு என்னா கொயந்தம்மா?” என்று கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். செவிலியர் வந்து, “நஞ்சு முழுசா வரல, க்ளீன் பண்ணிடலாம்” என்றார். அங்கே எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். க்ளீன். எனக்குள் இருந்தது அழுக்கு என்பதுபோல.

அங்கிருந்து சிங்கவரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். செஞ்சிக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, பாறையைக் குடைந்து எடுத்த ரங்கநாதர் கோயிலின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். அம்மா வாசலிலேயே, “தீட்டு கழியற வரைக்கும் மல ஏறாத” என்றார். ஏறும் நிலையில் நான் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருந்தது. பால். குழந்தை இல்லாவிட்டாலும் பால் வரும் என்று மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்து எனக்குப் பயமாகவும் கோபமாகவும் இருந்தது. அம்மாவின் அம்மா, எங்கள் ஆயா, அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் இரண்டு முழம் குண்டுமல்லி வாங்கிவந்தார். சரத்தை மார்பின் மேல் சுற்றி வைத்து, மேலே பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். “பீச்சி எடுக்காத கண்ணு. எடுத்தா இன்னும் சொரக்கும். நாளுக்கு ஒரு பூ மாத்து, வத்திடும்.”

ஆறாம் நாள் திங்கட்கிழமை. அந்தப் பூவைக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, “மேடம், தலையில பூவே இல்ல, ஆனா மல்லி வாசனை வருதே” என்றாள். சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

*

பூ கட்டிவிட்ட அன்று ஆயா சொன்ன கணக்கு இது: “நான் பெத்தது ஏழு. நின்னது நாலு.” அந்த மூன்றைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும்கூட. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். மூன்று முறையும் நான்காம் நாள் மல்லாட்டைக் கொல்லைக்கு வேலைக்குப் போயிருக்கிறார். ஏழாம் மாதத்துப் பிள்ளையைப் புதைத்த இடம் மட்டும் நினைவிருந்தது. அங்கே இப்போது வேறொருவர் சவுக்கு வைத்திருக்கிறார்.

அந்த மூன்றையும் நான் தேட ஆரம்பித்தது அன்றுதான். இலக்கியத்தில், கல்வெட்டில், சட்டத்தில், பதிவேட்டில் எங்காவது அவை இருக்கின்றனவா? அவற்றை இழந்துவிட்டு நான்காம் நாள் மல்லாட்டை பிடுங்கப் போனவள் இருக்கிறாளா? இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் கணக்கு.

முதலில் சொல். கருவைச் சிதைப்பது என்ற பேச்சு புறநானூற்றிலேயே உண்டு. 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் பெரும்பாவங்களை வரிசைப்படுத்துகிறார். பசுவின் மடியை அறுத்தவருக்கும், பெண்களின் கருவைச் சிதைத்தவருக்கும்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவருக்கு இல்லை என்பது அவர் வாதம். நாம் பள்ளியில் நன்றியறிதலுக்காகப் படிக்கும் பாட்டு இது. கருவைச் சிதைப்பது இங்கே யாரோ ஒருவர் செய்யும் பாவம். தானாகச் சிதைந்த கருவுக்கும் அதைச் சுமந்தவளுக்கும் அந்தப் பாட்டில் வேலையில்லை.

74ஆம் பாட்டு இன்னும் நெருக்கமானது. சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை சொல்வதாக அமைந்தது. தங்கள் குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதை ஆளல்ல என்று விட்டுவிடாமல் வாளால் கீறித்தான் அடக்கம் செய்வார்கள் என்கிறான். போரில் விழாத உடம்புக்கும் வீரச்சாவு கொடுக்கும் வழக்கம். ஒருவகையில் இது பெரிய அங்கீகாரம்: உருவம் திரளாத பிண்டமும் ஓர் ஆள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். இந்தப் பாட்டை நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். 2009க்குப் பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. வாள் பிண்டத்தின் மேல் இறங்கியபோது அதைப் பெற்றவள் எங்கே படுத்திருந்தாள்? அவளுக்குப் பால் கட்டியதா? பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. அரசனின் மானம்தான் அதன் பொருள்.

பேச்சுமொழியில் நமக்குச் சொற்கள் உண்டு: ‘கலஞ்சிடுச்சு’, ‘தங்கல’, ‘கொறஞ்சு போச்சு’. எல்லாமே தாழ்ந்த குரலில் சொல்பவை. எழுத்துமொழியில் தானாக நேர்வதற்குக் கருச்சிதைவு என்றும் வேண்டிச் செய்வதற்குக் கருக்கலைப்பு என்றும் எழுதுகிறோம். கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. ‘கலைந்துவிட்டது’ என்றதும், ‘என்ன செய்தாய்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பப்பாளி தின்றாயா, பஸ்ஸில் போனாயா, குடம் தூக்கினாயா? புறநானூற்றுக் காலத்துச் சந்தேகம் அந்தச் சொல்லோடு இன்னும் ஒட்டியிருக்கிறது.

*

கோயில்கள் என்ன சொல்கின்றன? தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்கருகாவூரில் கருவைக் காக்கும் அம்மன் கர்ப்பரட்சாம்பிகை. அந்தத் தலத்தின் கதை ஒரு கருச்சிதைவின் கதை. நித்துருவர் என்ற முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருக்கிறாள். கணவர் வெளியே போயிருக்கிறார். வேலை முடிந்த களைப்பில் அவள் ஓய்ந்திருக்கும்போது ஊர்த்துவபாதர் பிச்சைக்கு வருகிறார். அவர் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் சபிக்க, கரு கலைகிறது. அம்மன் அதைக் குடத்தில் வைத்துக் காத்துக் குழந்தையாக்கிக் கொடுக்கிறாள். குழந்தை வேண்டியும் கரு நிலைக்க வேண்டியும் அந்தச் சன்னதியில் நிற்கும் பெண்களோடு நானும் நின்றிருக்கிறேன். அவர்கள் நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் கதை சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். கர்ப்பிணி அயர்ந்து ஓய்வெடுத்தாள் என்பதுதான் அங்கே குற்றம்.

தரும நூல்கள் இந்தப் பெண்ணைக் கண்டுகொண்டது ஓரிடத்தில். மனு நூலின் ஐந்தாம் அத்தியாயம், கரு எத்தனை மாதத்தில் விழுந்ததோ அத்தனை நாளில் அவள் தூய்மையடைகிறாள் என்கிறது. எங்கள் ஆயாவுக்கு அந்த நூல் தெரியாது, ஆனால் கணக்கு தெரிந்திருந்தது: “மூணு மாசத்துக்கு மூணு நாள், அஞ்சுக்கு அஞ்சு.” இது உடம்பு தேறுவதற்கான நாள்கணக்கு இல்லை. அவளைத் தொட்டால் மற்றவர்களுக்கு எத்தனை நாள் தீட்டு என்ற கணக்கு. தீட்டு முடிந்ததும் வேலை தொடங்கிவிடும். நான்காம் நாள் மல்லாட்டைக் கொல்லை அப்படி வந்ததுதான். மருத்துவமனையின் ‘க்ளீன்’ என்ற சொல் எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பது இதைப் படித்தபோது புரிந்தது.

இனிக் கல். எங்கள் பகுதி கற்களால் ஆனது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை, மராத்தியர்களின் மற்றக் கோட்டைகளோடு சேர்த்து, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. யார் எந்த மலையை எப்போது பிடித்தார்கள் என்று இங்கே பள்ளிப்பிள்ளைகளும் சொல்வார்கள். சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர்விட்ட இடம் என்று சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. இளைய பட்டாரர் என்ற இன்னொருவர் 30 நாள் நோற்றதையும் ஒரு கல்வெட்டு சொல்கிறது. தமிழ் எழுத்து வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் இந்தக் குன்றுக்கு வருவார்கள். ஓர் உடம்பு பட்ட பாட்டை நாள் எண்ணிக் கல்லில் வெட்டிவைக்கலாம் என்று நம் ஊருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பெண்ணுக்கு அப்படி நினைவுச்சின்னம் இல்லையா? இருக்கிறது, அவள் இறந்தால். தேசிங்கு ராஜா 1714இல் ஆற்காட்டு நவாபோடு நடந்த போரில் செத்தான். போருக்குமுன் விடைகேட்க வந்தவனைப் பார்க்காமல் சிங்கவரத்து ரங்கநாதர் தலையைத் திருப்பிக்கொண்டார் என்பது இந்தப் பகுதிக் கதை. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊர் உண்டானது என்று சொல்கிறார்கள். கணவனோடு எரிந்தவளுக்கு ஓர் ஊரே நினைவுச்சின்னம் ஆகிறது.

கருவோடு தொடர்புடைய ஒரே கல் சுமைதாங்கி. சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தூக்கிக்கொள்ளும் உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்காத சுமையோடு போய்விட்டாள், வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இங்கே இறக்க இறக்க அவளுடைய பாரம் குறையும் என்பது நம்பிக்கை. சில கற்களில் பெயரும் ஆண்டும் இருக்கும். சாலைகளை அகலப்படுத்தியபோது பல கற்கள் போயின.

தமிழ்ச் சமூகம் கர்ப்பிணிக்குச் செய்த மிக நல்ல மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். ஒருத்தியின் துயரத்தை ஊருக்கே பயன்படும் பொருளாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கல் வேண்டுமானால் அவள் செத்திருக்க வேண்டும். பிள்ளை போய், தான் பிழைத்து, நான்காம் நாள் கொல்லைக்குப் போனவளுக்குக் கல் இல்லை. பிழைத்தது அதிர்ஷ்டம், அதோடு முடிந்தது என்பது கணக்கு. “நீயாச்சும் பொழச்சியே” என்று என்னிடமும் பலர் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அழக்கூடாது என்ற பொருளும் அதில் இருந்தது.

இது எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் பிறக்காமல் போன பிள்ளைகளுக்கு ‘மிசுகோ’, அதாவது நீர்க்குழந்தை, என்று ஒரு பெயரே இருக்கிறது. டோக்கியோவின் சோசோஜி போன்ற கோயில்களில் சின்னஞ்சிறு ஜிசோ சிலைகளை வரிசையாக வைத்துச் சிவப்புக் குல்லாய் போட்டுவிடுகிறார்கள். இறந்துபோன பெண்ணுக்காக அல்ல, உயிரோடு இருக்கும் பெண் வந்து நின்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்காக.

*

நவீன அரசும் இந்தப் பெண்ணை முதலில் குற்றத்தின் வழியாகத்தான் சந்தித்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில், கருச்சிதைவை உண்டாக்குபவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. தனக்குத் தானே அதைச் செய்துகொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள் என்று விளக்கமும் சேர்த்தது. அந்தப் பிரிவுகள் 2024இல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கின்றன.

தானாக நேரும் இழப்பைத் தொழிலாளியின் உரிமையாகச் சட்டம் பார்ப்பதற்கு நூறாண்டு பிடித்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கருச்சிதைவு ஏற்பட்ட பெண்ணுக்கு அதற்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. மருத்துவச் சான்று போதுமாக இருந்தது. அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே அவளை வேலை வாங்குவதை 4ஆம் பிரிவு தடை செய்தது. அதனால் உடல்நலம் கெட்டிருந்தால் 10ஆம் பிரிவு மேலும் ஒரு மாதம் தந்தது. 26 வாரம் வரை நேர்வது அந்தச் சட்டத்தில் கருச்சிதைவாக இருந்தது. அதற்குப் பிறகு குழந்தை இறந்தே பிறந்தாலும் அதைக் குழந்தை என்றே சட்டம் சொன்னது, பிரசவத்துக்கான முழு விடுப்பும் இருந்தது. சாலை வேலைக்குத் தினக்கூலியாகப் போன டெல்லி மாநகராட்சிப் பெண்களுக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் காய்ச்சல் என்று எழுதியபோது இந்தச் சட்டத்துக்கு 48 வயது. எனக்குத் தெரியாது. கல்லூரியில் யாரும் சொன்னதும் இல்லை.

இதன் போதாமைகளையும் சொல்ல வேண்டும். 2017இல் பிரசவ விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. கருச்சிதைவுக்கு அதே ஆறு வாரம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஆறு வாரம். மத்திய அரசு ஊழியருக்கு விதி வேறு: கருச்சிதைவுக்காக மொத்தப் பணிக்காலத்துக்கும் சேர்த்து 45 நாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை இழப்பவள் என்ன செய்வாள் என்று விதி எழுதியவர் யோசித்திருக்கமாட்டார். நியூசிலாந்து 2021இல் கருச்சிதைவை உறவினர் இறப்புக்கான விடுப்பில் சேர்த்தது. மூன்றே நாள்தான், ஆனால் துணைவருக்கும் உண்டு. நம் சட்டத்தில் ஆணுக்கு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்குகிறவளுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் ஆறு வாரச் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? ஆயாவுக்கு 1961க்குப் பிறகும் எதுவும் மாறவில்லை. பதிவேட்டிலும் அந்த மூவரும் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 28 வாரம் ஆன பிறகு இறந்து பிறப்பதைத்தான் பதிவு செய்ய வேண்டும்.

*

மருத்துவம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுகிறேன், 2009இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்பதால்.

லான்செட் இதழ் 2021இல் வெளியிட்ட கட்டுரைத் தொடர், உலகில் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள் நேர்வதாக மதிப்பிடுகிறது. உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய 15 சதவீதம். பெரும்பாலானவை முதல் 12 வாரத்தில் நேர்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால். குடம் தூக்கியதாலோ பஸ்ஸில் போனதாலோ அயர்ந்து தூங்கியதாலோ அல்ல.

ரத்தப்போக்கு இரண்டு வாரம் வரை இருக்கலாம், நாலாம் ஐந்தாம் மாதத்து இழப்பில் சற்றுக் கூடவும் ஆகலாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அது அடுத்த மணி நேரமும் தொடர்ந்தாலோ, காய்ச்சல், துர்நாற்றம், தலைசுற்றல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேளுங்கள். அடுத்த மாதவிலக்கு நாலிலிருந்து ஆறு வாரத்தில் வரும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் இழந்தவள் நான்காம் நாள் வெயிலில் குனிந்து நிற்கக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பாடும் தூக்கமும் அவளுக்கு மருந்து.

நாலு மாதம் தாண்டிய இழப்பில் பால் சுரக்கக்கூடும். ஆயாவின் மல்லிகைப்பூ எனக்குக் கைவைத்தியமாகவே இருந்தது. வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்: 1988இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். பாலை வற்றவைக்க அப்போது கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையையும் மார்பில் வைத்துக் கட்டும் மல்லிகையையும் ஒப்பிட்டார்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ரத்தத்தில் குறைவது மாத்திரைக்கு அதிகம். ஆனால் மார்பு கட்டிக்கொள்வதும் பால் வருவதும் வலி மாத்திரை தேவைப்படுவதும் குறைந்ததில் இரண்டும் சமம். மாத்திரை எடுத்த சிலருக்குப் பால் திரும்பவும் சுரந்தது. ஆயா போன்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிய அறிவு அது. புத்தகத்தில் இல்லாததால் பெண்கள் ஒன்றும் செய்யாமல் கிடந்தார்கள் என்று பொருளில்லை. ஒருத்தி படும் பாட்டை இன்னொருத்தி எங்கோ பூ வாங்கிவந்து கட்டிக் கவனித்திருக்கிறாள்.

மனசுக்கு இவ்வளவு நாள் என்று கணக்கில்லை. குழந்தை பிறந்திருக்க வேண்டிய டிசம்பர் மாதம் எனக்கு ஜூலையைவிட மோசமாக இருந்தது. துக்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்பவர்களிடமிருந்து கொஞ்சம் விலகியிருந்தேன். ஒரே ஒரு தோழியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் கணவர் அந்த நாட்களில் என்னிடம் அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து வெறுத்தேன். மருத்துவமனையில் துண்டில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிப்போய்ச் சிங்கவரத்து ஏரிக்கரையில் தனியாளாகக் குழி வெட்டிப் புதைத்தவர் அவர்தான் என்று ஏழு வருடம் கழித்துச் சொன்னார். இருவருமே மற்றவரைக் காப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், செத்துவிடலாம் என்று தோன்றினால், அது பலவீனம் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டும். டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

*

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை செய்யும் இளம் ஆசிரியை ஒருவர் ஓய்வறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 11 வாரம். நேற்று. “அக்கா, லெட்டர்ல என்னன்னு எழுதறது? ஃபீவர்னு எழுதிடவா?” என்று கேட்டார்.

வெள்ளைத்தாள் எடுத்து இருவரும் சேர்ந்து எழுதினோம். ‘எனக்குக் கருச்சிதைவு ஏற்பட்டுள்ளதால், மகப்பேறு பலன் சட்டம் 1961, பிரிவு 9இன்படி ஆறு வார விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ மருத்துவச் சான்றை இணைத்தோம். அலுவலக எழுத்தர் படித்தார், இன்னொரு முறை படித்தார், “இப்படி ஒரு லீவ் இருக்கா மேடம்?” என்றார். அவருக்கும் அதுதான் முதல்முறை. சட்டப் பிரிவை அச்செடுத்துக் கொடுத்தோம். பத்து நாள் இழுத்த பிறகு விடுப்பு வந்தது. அதற்குப் பிறகு அதே அலுவலகத்தில் இன்னும் இரண்டு கடிதங்கள் அந்தச் சொல்லோடு போயிருக்கின்றன. வெட்கப்படாமல் எழுதப்பட்ட அந்த மூன்று கடிதங்களும் கோப்பில் இருக்கின்றன. இனி வருகிறவள் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை.

ஆயா 2014இல் போய்விட்டார். கருமாதி அன்று உறவினர் ஒருவர், “நாலு பிள்ள பெத்த மகராசி” என்றார். ஏழு என்று அம்மா திருத்தினார். அந்தக் கூட்டத்தில் வயதான பெண்கள் சிலர் தங்கள் கணக்கையும் அப்போதுதான் சொன்னார்கள். பெற்றது இத்தனை, நின்றது இத்தனை.

திருநாதர்குன்றின் 57 நாளைப் போல என் கணக்கையும் இங்கே எழுதிவைக்கிறேன். ரத்தம் 19 நாள். பால் 8 நாள். விடுப்பு 3 நாள்.